சொல் மூடும் விழா

இங்கிலாந்தின் ஈலி ஊரில் ஒரு பெண்ணிடம் உன் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும். தபால்காரர். கொத்தனார். கசாப்புக்காரர். மேவிஸ் பெட்டிட்டும் ஒரே வார்த்தையில்தான் பதில் சொல்வாள். 'செட்' என்பாள். கேட்டவள் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, மழை வரும்போலிருக்கிறதே என்று பேச்சை மாற்றிக்கொள்வாள்.

அவள் சொன்னது உண்மைதான். மார்ச்பேங்க் ஆங்கில அகராதி மன்றத்தில் ஆளுக்கொரு சொல் கொடுப்பார்கள். அதன் பிறப்பு வளர்ப்பையெல்லாம் விசாரித்து, அர்த்தங்களை வரிசைப்படுத்தி முடித்தால் அடுத்த சொல். அவள் கணவருக்குப் பக்கத்து மேசைக்காரர் 'டோஃபி'யை முடித்து, 'டோகா'வை முடித்து, ஓய்வும் பெற்று, இப்போது வீட்டுக் கொல்லையில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கணவர் சிரிலுக்கு வாய்த்தது 'செட்'. "குட்டிச் சொல்லுப்பா, கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடுவே" என்று சொல்லித்தான் அப்போதைய தலைமைப் பதிப்பாசிரியர் கையில் கொடுத்தார். எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தச் சொல்லின் யோக்கியதை அப்படி. சூரியன் மறைந்தால் செட். ஜெல்லி உறைந்தால் செட். உடைந்த எலும்பைக் கூட்டினால் செட், எலிப்பொறி வைத்தால் செட், டீக்கோப்பை ஆறு சேர்ந்தால் செட், நாடக மேடையில் அட்டைச் சுவர் நிறுத்தினால் அதுவும் செட். பெண்கள் தலைமயிரைச் சுருட்டிக்கொண்டாலும் அதற்கு இதே பெயர்தான். வெள்ளைக்காரன் எதற்குப் பெயர் வைக்கச் சோம்பல் பட்டானோ அதையெல்லாம் இந்தச் சொல்லின் தலையில் கட்டியிருந்தான். சிரில் நானூறாவது அர்த்தம் வரை ராத்திரிச் சாப்பாட்டின்போது மேவிஸிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் வருவதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

மன்றத்தின் கீழ்த்தளத்தில், ஆற்றுக்குக் கீழே இருக்கிறதோ என்று சந்தேகப்படும்படியான ஓர் அறையில், சிரில் இருபத்தாறு வருஷமாக அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தார். சதுப்பு நிலத்து ஊர் அது. மேல் மாடியிலேயே சுவர் வியர்க்கும். அந்த வருஷம் பிப்ரவரியில் அவருடைய இருமல் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நாயை எழுப்பத் தொடங்கியது. மேவிஸ் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அப்புறம் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார்.

"மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, மேவிஸ். ஈரம் உள்ள இறங்கிடுச்சு. கடல் பக்கம் கூட்டிட்டுப் போ. அந்தக் குழிக்குள்ள இன்னொரு குளிர்காலம் உட்கார்ந்தார்னா, வசந்தத்தைப் பார்க்க மாட்டார்."

கடல் பக்கம் போக இடமில்லாமல் இல்லை. ஷெரிங்கம்மில் மேவிஸின் தங்கை பெரில் இருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு வந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். வீட்டுக்காரி, செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் பண்டிகை வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"வேலையை விட்டுடு சிரில்" என்றாள் மேவிஸ்.

"நடுச்சொல்லுல எப்படி எந்திரிச்சுப் போறது?" என்றார் சிரில். நடுத்தெருவில் எப்படி வேட்டியை அவிழ்ப்பது என்று நம் ஊரில் ஒருவர் கேட்டால் எந்தக் குரலில் கேட்பாரோ அந்தக் குரல் அது.

மன்றத்தில் அப்படிப் போனவர் ஒரே ஒருவர்தான். 'கை' என்ற சொல்லைப் பாதியில் போட்டுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன தொப்பி இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போட்ட கமிட்டியில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். சொல்லை மூடினால்தான் ஓய்வு. மூடாமல் போனவனுக்கு ஓய்வூதியமும் கிடையாது, பேரும் கிடையாது.

மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் கஸ்டர்ட் கிண்டுகிறவள். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டுக்குத் தட்டு வரவேண்டும். ஒரு வேலை முடியாமல் இருபத்தாறு வருஷம் நடக்கும் என்பது அவள் புத்திக்கு எட்டாத விஷயம். மன்றத்தின் செயலாளரைப் பார்த்து நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

செயலாளர் டோலி மெலிந்த மனிதர், ரொம்ப மரியாதைக்காரர். அவளுக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, சர்க்கரை எத்தனை என்று விசாரித்து, அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"மிசஸ் பெட்டிட், இந்த மன்றம் யாரையும் கட்டி வைக்கலைங்க. உங்க வீட்டுக்காரருக்கு முழுச் சுதந்திரம் இருக்கு. சொல் மூடின அடுத்த நிமிஷம் அவர் கிளம்பலாம், யாரும் தடுக்க மாட்டோம். மூடலைன்னா அது எங்க தப்பா சொல்லுங்க. இந்த ஜனங்க பேசறதை நிறுத்த மாட்டேங்கறாங்களே."

"அவருக்கு நெஞ்சு சரியில்லைங்க. டாக்டர் சொல்லிட்டார்."

"டாக்டர் சொன்னாருன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். மனுஷனா நான் நம்பறேன். ஆனா செயலாளரா பார்த்தா அது வெறும் வாய்ப்பேச்சு இல்லையா? வாய்ப்பேச்சை ஆதாரமா எடுத்துக்க ஆரம்பிச்சா அப்புறம் இது மன்றமாவா இருக்கும், மீன் மார்க்கெட்டா இல்ல ஆயிடும்? அச்சுல வரட்டும். அச்சுல வந்துச்சுன்னா நாங்க கண்ணை மூடிக்கிட்டு ஏத்துக்குவோம்."

அச்சில் வரவேண்டும், அவ்வளவுதானே என்று மேவிஸ் எழுந்தாள். நேராக உள்ளூர் வாரப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். தொலைந்த பூனைக்கும் விற்பனைக்கு வந்த தள்ளுவண்டிக்கும் நடுவில் இரண்டு வரி விளம்பரம் போட்டாள். 'என் கணவர் சிரில் பெட்டிட்டுக்கு நெஞ்சு மிகவும் மோசமாக இருக்கிறது. இந்தக் குளிர்காலத்துக்குள் அவர் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று டாக்டர் சொல்கிறார்.' விளம்பரம் வெளிவந்த வெள்ளிக்கிழமை பத்திரிகையைக் கத்தரித்து மன்றத்துக் கதவிடுக்கில் தானே போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் டோலி அவளைத் தெருவில் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். உண்மையாகவே நெகிழ்ந்து போயிருந்தார்.

"உங்களுக்கு மன்றம் ரொம்பக் கடமைப்பட்டிருக்குங்க. 'நெஞ்சு'ங்கிற சொல்லுக்கு நோயைக் குறிக்கிற அர்த்தத்துல இந்த அஞ்சு வருஷத்துல ஒரு நல்ல உதாரணம் கிடைக்காம அவஸ்தைப்பட்டுட்டிருந்தோம். உங்களது என்ன தெளிவு, என்ன எளிமை. அப்படியே எடுத்துக்கிட்டோம். சுருக்கக்கூட இல்ல."

"அதுல எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்ப அவரை விடுவீங்களா?"

டோலி அவளை வருத்தத்தோடு பார்த்தார். விஷயத்துக்கும் சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெண்ணைப் பார்க்கும் வருத்தம் அது. "மன்றம் சொல்லைத்தாங்க பார்க்கும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

ஆக, சொல்லை மூடினால்தான் விடிவு. மூடுவதற்கு வருஷத்தில் நான்கு நாள்தான் உண்டு. வாடகையும் குத்தகையும் தீர்க்கும் அந்தப் பழைய காலாண்டு நாட்கள்: மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று, மைக்கேல்மஸ், கிறிஸ்துமஸ். அன்றைக்கு ஆட்சிக்குழுவினர் சொல்லின் அறைக்கு வந்து நிற்பார்கள். பதிப்பாசிரியர் எல்லா அர்த்தங்களையும் வாசிப்பார். "இன்னும் ஏதாவது அர்த்தம் விட்டுப் போயிருக்கிறதா?" என்று செயலாளர் மூன்று முறை கேட்பார், சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசிக்கிறார்களே அந்த மாதிரி. யாரும் வாய் திறக்காவிட்டால் தலைவர் நாலு வார்த்தை பேசி, அர்த்தங்கள் எழுதிய தாள்கட்டைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டுவார். எல்லோருக்கும் ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயின். மனைவிமார் சுவரோரத்து பெஞ்சில் உட்காரலாம், பேசக் கூடாது. யாராவது ஆட்சேபித்து வாய் திறந்துவிட்டால் அடுத்த காலாண்டுதான்.

மார்ச் மாதத்தில் வாய் திறந்தவர் ஆட்சிக்குழுவிலிருந்த ஒரு மேஜர். அவர் தோட்டத்தில் பேட்ஜர் எனப்படும், நாயளவேயான ஒரு வளைக்கரடி மண்ணைத் தோண்டிக் குடியிருந்தது. வளைக்கரடியின் வீட்டுக்கும் இதே சொல்தான். சிரில் அதற்கு 'வளை' என்று பொருள் எழுதியிருந்தார்.

"வளையாம் வளை. வளையில இருக்கிறது முயல்" என்றார் மேஜர். "என் தோட்டத்துல இருக்கிறது ஒரு மாளிகை. ஏழு வாசல். நானே விழுந்திருக்கேன்."

ஒரு கமிட்டி போட்டார்கள். மூன்று அறிஞர்கள், கோட்டும் பூட்ஸும் குடையுமாக, மேஜரின் தோட்டத்தில் புதருக்குப் பின்னால் ஒரு சாயங்காலம் முழுவதும் குந்தியிருந்தார்கள். வளைக்கரடி வரவில்லை. 'சம்பந்தப்பட்ட விலங்கு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை கொடுத்தார்கள். அதை ஆராய இன்னொரு கமிட்டி போட்டார்கள். மூவரில் ஒருவருக்கு ஜலதோஷம் பிடித்ததால் அவருக்கு மட்டும் உடனே விடுப்பு கொடுத்தார்கள். ஜலதோஷம் மேல்மாடிக்காரருக்கு வந்தால் அதற்கு அச்சு ஆதாரம் வேண்டியதில்லைபோலும்.

ஜூனில் வந்தது வேறு தகராறு. இந்தச் சொல்லுக்குத் தாய் ஒன்றல்ல, இரண்டு. 'உட்கார வை' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது ஒரு குலம். லத்தீனில் ஒருவன் பின்னால் போகிற கூட்டத்தைக் குறித்த சொல், பிரெஞ்சுக்காரன் வாய் வழியாக வந்து, இதே உருவத்தில் நின்றது இன்னொரு குலம். மன்றத்தில் இரண்டு குலத்துக்கும் தனித்தனித் துறை. ஒன்றை உட்காருவோர் என்பார்கள், மற்றதைக் கூட்டத்தார். உட்காருவோர் கோப்பையில் பாலை முதலில் ஊற்றி அப்புறம் டீ ஊற்றுவார்கள். கூட்டத்தார் டீக்குப் பிறகுதான் பால். ஒருவர் கெட்டிலை மற்றவர் தொட மாட்டார். இரண்டு துறைக்கும் நடுவில் சிரில் இருபத்தாறு வருஷமாகப் பால் இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டென்னிஸ் செட் யாருக்குச் சேர்ந்தது என்று கிளம்பியது. ஆட்டங்கள் ஆறு கூடினால் கூட்டம், ஆகவே எங்களுக்கு என்றார்கள் இவர்கள். எதிராளியைத் தோற்கடித்து உட்கார வைப்பது, ஆகவே எங்களுக்கு என்றார்கள் அவர்கள். உட்காருவோர் துறைத் தலைவர் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். கூட்டத்தார் துறைத் தலைவி தனியாக வெளியேறினாள். ஷெர்ரிப் புட்டியைத் திறக்காமலே எடுத்துப்போனார்கள்.

"நல்லா போச்சுங்க" என்று டோலி பெஞ்சிலிருந்த மேவிஸிடம் குனிந்து சொன்னார். "ரெண்டு துறைக்கும் நடுவுல முதல்தடவையா ஒரு உடன்பாடு வந்திருக்கு. ஒத்துப்போகவே முடியாதுன்னு ரெண்டு பேரும் ஏகமனதா ஒத்துக்கிட்டாங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் சிரில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மேவிஸுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடற்கரை வீடு கைவிட்டுப் போவதற்குள் இனி மைக்கேல்மஸ் ஒன்றுதான் பாக்கி. அதை இவர்கள் கையில் விடப்போவதில்லை என்று முடிவு செய்தாள்.

கோடை முழுவதும் அவள் செய்த காரியத்தைத் தேர்தலுக்கு நிற்பவன்கூடச் செய்திருக்க மாட்டான். மேஜருக்கு வாராவாரம் சீரகக் கேக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் வளைக்கரடியின் ஏழு வாசலையும் மண்டியிட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். மாளிகை என்றே எழுதச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்தாள். கூட்டத்தார் தலைவியின் பூனைக்கு மீன்தலை. உட்காருவோர் தலைவருக்கு அவள் கொடுத்தது காது. அவர் தன் முதுகுவலியை முழுவதுமாகச் சொல்லி முடிக்க ஆகஸ்டு ஆயிற்று. டென்னிஸை இரண்டு குலத்திலும் போட்டுக்கொள்வது என்று கடைசியில் இருவரும் இறங்கி வந்தார்கள்.

"யாரும் பேசமாட்டாங்க, சிரில்" என்றாள். "எல்லாரும் வாக்குக் கொடுத்திருக்காங்க. ரெண்டு பெட்டி கட்டியாச்சு."

"நீ இவ்வளவு அலைஞ்சியா எனக்காக?" என்றார் சிரில். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இருமல் வந்தது.

மைக்கேல்மஸ் அன்று கீழ்த்தளத்தில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்; ஈரத்தில் விளக்கு கெட்டுப்போயிருந்தது. சிரில் காலையில் ஆரம்பித்து மாலை வரை அர்த்தங்களை வாசித்தார். மேஜர் தூங்கினார், அது நல்ல சகுனமாகப் பட்டது மேவிஸுக்கு. கடைசி அர்த்தத்தை வாசித்து முடித்ததும் டோலி எழுந்தார்.

"இன்னும் ஏதாவது அர்த்தம் விட்டுப்போயிருக்கா?"

யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை கேட்டார். கூட்டத்தார் தலைவி உட்காருவோர் தலைவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். மூன்றாம் முறை கேட்டார். மேவிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. டோலி தலையசைத்தார், ஷெர்ரியின் மூடி திறந்தது, தலைவர் சர் ஆப்ரி வின்டர்போர்ன் சிவப்பு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். மேவிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தாள்.

சர் ஆப்ரி தொண்டையைச் செருமினார். நாடா கட்டுவதற்கு முன்பு நாலு வார்த்தை பேசுவது வழக்கம். அவர் பேசாத கூட்டம் எதுவும் அந்த மாகாணத்திலேயே நடந்ததில்லை.

"நண்பர்களே, நான் தலைவரா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இன்னைக்குத்தான் இந்த அறைக்கு முதல்தடவையா வர்றேன். இவ்வளவு ஈரமா இருக்கும்னு யாரும் எங்கிட்ட சொல்லல. கோட்டைக் கழட்டல, தப்பா எடுத்துக்காதீங்க. நாம ஏன் இந்த வேலையைச் செய்யறோம்? பணத்துக்காகவா? எனக்குத் தெரிஞ்சு இங்க யாருக்கும் பணம் கொடுக்கிறதில்ல, கொடுத்தாலும் ரொம்பக் கொஞ்சம். புகழுக்கா? நம்ம சிரில்... சிரில்தானே? ஆமா. நம்ம சிரிலை வெளியில யாருக்காவது தெரியுமா? எனக்கே இப்பத்தான் தெரியும். அதுதான் தொண்டு. பேர் தெரியாத மனுஷங்க உயிரைக் கொடுத்தாத்தான் பேர் தெரிஞ்ச மன்றம் நிக்கும். இதை நான் பெருமையா சொல்றேன்."

கைதட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கண் சிரிலின் நாற்காலிமேல் விழுந்தது. பழைய தோல் நாற்காலி. நடுவில், ஒரு மனிதன் உட்கார்ந்து உட்கார்ந்து, தோலும் உள்ளே திணித்த குதிரைமயிரும் அமுங்கி, ஆழமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"அதோ பாருங்க" என்றார் சர் ஆப்ரி, குரல் தழுதழுக்க. "ஒரு மனுஷனோட இருபத்தாறு வருஷம். அதை வெறும் பள்ளம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுதான் சிரிலோட செட். வேற எந்த நிறுவனம் தன்னோட ஊழியனுக்கு இப்படி ஒரு நினைவுச்சின்னம் வைக்கும்?"

பெரிய கைதட்டல். மேஜர் விழித்துக்கொண்டு அவரும் தட்டினார். சர் ஆப்ரி நாடாவை நீட்டினார்.

"மன்னிக்கணும் சார்."

சிரில் எழுந்து நின்றிருந்தார். கையில் பென்சில் இருந்தது.

"இப்ப நீங்க சொன்னீங்களே, சார், பள்ளத்தை. அந்த அர்த்தத்துல அது எங்கேயும் வந்ததில்லைங்க. நான் எழுதினதுல இல்ல."

டோலி மெதுவாக மூடியை எடுத்து ஷெர்ரிப் புட்டியின் மேல் வைத்தார். அதற்குள் உட்காருவோர் தலைவர் பாய்ந்து எழுந்துவிட்டார். உட்கார்ந்து விழுந்த பள்ளம், ஆகவே எங்கள் குலம். பெயர்ச்சொல்லாக நிற்கிறது, ஆகவே எங்கள் குலம் என்றாள் கூட்டத்தார் தலைவி. சர் ஆப்ரி முகம் மலர்ந்து சுற்றிலும் பார்த்தார். தன் வாயிலிருந்து ஓர் அர்த்தம் பிறக்கும் என்று அவர் கனவிலும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"தலைவர் பேச்சு ஆண்டறிக்கையில அச்சாகும். அதனால ஆதாரத்துக்குக் குறையில்ல" என்றார் டோலி. "ஆனா நெஜமாவே பேச்சுல வந்ததுதான்னு, மன்றத்தைச் சேராத ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா அது செல்லாது. நாடாவைக் கட்டிடலாம்."

மன்றத்தைச் சேராத ஒருவர்தான் அந்த அறையில் இருந்தார். எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள்.

"மிசஸ் பெட்டிட், தலைவர் சொன்னதைக் கேட்டீங்களா?"

"இல்லீங்க" என்றாள் மேவிஸ். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒண்ணும் கேக்கல."

அவளுக்குக் காது மந்தமில்லை என்பது சமையலறைக்குப் பின்னால் ரொட்டி திருடும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவள் யாரையும் பார்க்காமல் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாடாவைக் கட்டித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மேவிஸ்" என்றார் சிரில். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "நீ கேட்டே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த எட்டு மாசத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. வேட்டைக்குப் போகிறவன் மாதிரி பென்சிலைப் பிடித்திருந்தார். கடலைப் பற்றிப் பேசும்போது அவர் ஒரு தடவைகூட இப்படி இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டோலியோடும் மேஜரோடும் சண்டை போட அவளுக்குத் தெரியும். இவரோடு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

"கேட்டேன்" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

ஷெரிங்கம் வீட்டை நாரிச் நகரத்திலிருந்து வந்த ஒரு பல்வைத்தியர் எடுத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் புதுக் குழப்பம் ஆரம்பமாயிற்று. பள்ளம் என்பது இப்போது ஆதாரம். ஆதாரத்தின் மேல் யாரும் உட்காரக் கூடாது. நாற்காலியைக் கணப்புக்குப் பக்கத்தில், ஈரம் படாத இடமாகப் பார்த்து, கயிறு கட்டி வைத்தார்கள். சிரிலுக்கு ஒரு மர ஸ்டூல் கொடுத்தார்கள். கணப்புப் பக்கத்து இடத்தை நாற்காலி பிடித்துக்கொண்டதால் ஸ்டூல் ஈரச் சுவரோரம் போயிற்று. பள்ளம் கலைந்துவிடாமலிருக்க வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் கால்மணி நேரம் மட்டும் அவரை அழைத்து அதில் உட்கார வைப்பார்கள். அப்போது அவர் வேலை செய்யக் கூடாது, இயற்கையாக உட்கார்ந்திருக்கவேண்டும். கூட்டத்தாரும் உட்காருவோரும் ஆளுக்கொரு அளவுகோலோடு வந்து ஆழம் பார்த்துப் போவார்கள்.

"அந்தக் கால்மணி நேரம் நல்லா இருக்கு, மேவிஸ்" என்றார் சிரில். "கணப்புச் சூடு முதுகுல படுது."

அது மின்வெட்டுக் குளிர்காலம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம், ஊரே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை பார்த்தது. மன்றம் மட்டும் ஆறு நாளும் திறந்திருந்தது, மெழுகுவத்தி வெளிச்சத்தில். இருட்டைக் காரணம் காட்டிச் சொற்கள் நின்றுவிடுவதில்லையே என்று டோலி சுற்றறிக்கை விட்டார். ஜனவரி கடைசியில் சிரில் படுக்கையில் விழுந்தார். பிப்ரவரியில், டாக்டர் சொன்னபடியே, வசந்தத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லைப் பற்றி எதுவும் பேசவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

சவ அடக்கத்துக்கு மன்றத்திலிருந்து மலர்வளையம் வந்தது. இரண்டு துறைகளும் தனித்தனியாக அனுப்பியிருந்தன.

பெரில் வந்து, எங்க வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வந்து என்னோடு இரு என்று கூப்பிட்டாள். மேவிஸும் சம்மதித்தாள். அந்த ஊரில் இனி அவளுக்கு என்ன இருக்கிறது? பாத்திரங்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் டோலி வந்து கதவைத் தட்டினார். கறுப்புக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

"தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும், மிசஸ் பெட்டிட். ஒரு சின்ன சிக்கல். பள்ளம் எழும்புதுங்க."

"என்னது?"

"நாற்காலியில. உள்ள இருக்கிறது குதிரைமயிர் பாருங்க. பாரம் இல்லைன்னா கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துடுமாம். அடுத்த மாசத்துக்குள்ள சமமாயிடும்னு மெத்தைக்காரர் சொல்றார்."

"என் புருஷன் செத்துப்போயிட்டார், மிஸ்டர் டோலி."

"தெரியுங்க" என்றார் டோலி மிகுந்த அனுதாபத்தோடு. "அதனாலதான் எழும்புது."

டோலி தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"எங்க ஆளுங்க யாரும் அதுல உட்காரக் கூடாது, விதி அப்படி. சாட்சி உட்காரலாம். பள்ளம் போச்சுன்னா அர்த்தம் போச்சு. அர்த்தம் போச்சுன்னா சொல் மூடிடும், அதுல ஆட்சேபணை இல்ல. ஆனா அது அவரோட கடைசி அர்த்தம். ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. வற்புறுத்தல."

கதவை முகத்தில் அறைந்து சாத்தவேண்டும் என்றுதான் மேவிஸுக்கு இருந்தது. அந்த நாற்காலியை எட்டி உதைக்கவேண்டும், கணப்பில் தள்ளிக் கொளுத்தவேண்டும் என்றும் இருந்தது. உதைப்பதற்காகவே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பெரில் ஊருக்குப் போகிற பஸ் அன்று மூன்று மணிக்கு, நேரமிருந்தது.

கீழ்த்தளத்து ஸ்டூலில் ஓர் இளம்பெண் இருந்தாள். மிஸ் டேம்பியர், சிரிலின் சொல்லுக்கு வந்த புதுப் பதிப்பாசிரியை. மேவிஸைக் கண்டதும் எழுந்து நின்று, கயிற்றை அவிழ்த்து வழி விட்டாள்.

மேவிஸ் நாற்காலி முன்னால் நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் அதை அவள் பார்த்ததில்லை. பள்ளம் நேராக இல்லை. இடப்பக்கம் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. வீட்டிலும் அவர் அப்படித்தான் உட்காருவார், இடப்பக்கம் சாய்ந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு. எத்தனை தடவை நேராக உட்காரச் சொல்லித் திட்டியிருக்கிறாள். அவள் உதைக்கவில்லை. திரும்பி, மெதுவாக உட்கார்ந்தாள்.

அவளுக்கு அது பெரிதாக இருந்தது. தோல் குளிர்ந்திருந்து, கொஞ்ச நேரத்தில் சூடாயிற்று. இடப்பக்கம் தானாகச் சாய்ந்தாள். அப்புறம் அழுதாள். மிஸ் டேம்பியர் தலையைக் குனிந்து எழுதுகிற மாதிரி இருந்தாள். அளவுகோலோடு வாசலில் வந்து நின்ற இரண்டு துறைத் தலைவர்களும் உள்ளே வராமல் நின்றார்கள். அவ்வளவு நாகரிகம் அவர்களுக்கு இருந்தது.

கால்மணி கழித்து டோலி லேசாக இருமினார். "போதுங்க. ரொம்ப நன்றி. உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சே."

மேவிஸ் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டாள். பையை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பள்ளத்தின் இடது ஓரம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.